ஏழாவது பூட்டு

மாலைப் பணியில் உருளைக்குள் இறங்கியவர்கள் ஏழு பேர்.
விசைப்பெட்டிக் கம்பியில் ஏழு பூட்டுகள்.
அவரவர் பூட்டு, அவரவர் சாவி,
அது கிடப்பது அவரவர் சட்டைப்பையில்.
அடுத்தவர் பூட்டைத் தொடுவதென்பது எங்கள் ஆலையில்
அடுத்தவர் பல்துலக்கியை வாயில் வைப்பது மாதிரி.

நான் வேலைக்கு வந்தபோது மணி பத்தே முக்கால்.
வெளியே பூச்சியத்துக்குக் கீழே இருபத்தெட்டு.
பொத்னியா வளைகுடா தரையாகிவிட்டிருந்தது.
மரப்பட்டை உரிக்கும் முப்பத்தாறு மீட்டர் வயிறு
பனிக்கட்டி தின்று செரிக்காமல் நின்றதை
கடப்பாரையால் குத்திக் குத்திச் சரிசெய்துவிட்டு
வீட்டுக்குப் போய்விட்டார்கள்.
மேசையில் கழுவாத குவளைகள்
ஆறு.

கம்பியில் இன்னும் ஒரு பூட்டு.
நீலம். அடியில் ஆணியால் கீறிய பெயர்:
உர்போ.

"மறந்திருப்பான்" என்றார் தொர்ஸ்தி.
கையில் கம்பி வெட்டும் பெருங்கத்தரி.
தொர்ஸ்தி கெட்டவர் இல்லை.
என் மகளின் முதல் பனிச்சறுக்குக் கட்டை
அவர் வாங்கித் தந்தது.
ஆனால் சீவல் தொட்டி காலியாகிக்கொண்டிருந்தது,
அவர் இடுப்பில் தொலைபேசி
மேலிடத்துக் குரலில் கத்திக்கொண்டிருந்தது.
"ரைலி, நகரு."

மறந்திருப்பான்தான்.
நூற்றுக்குத் தொண்ணூற்றொன்பது, மறந்திருப்பான்.
நான் என் பூட்டை எடுத்தேன், சிவப்பு,
நீலத்தின் தோளோடு தோளாக மாட்டினேன்.
"இப்போது இரண்டை வெட்ட வேண்டும்" என்றேன்.
குரல் நடுங்கியது. அதை
குளிரின் தலையில் போட்டேன்.

உருளைக்குள் தவழ்ந்தேன்.
பிர்ச் மரத்தின் ஈர நெடி,
முழங்காலுக்கடியில் நொறுங்கும் பட்டை.
வாயருகே இல்மாரி விளக்கைப் பிடித்து
பத்தடிக்கு ஒருமுறை கூப்பிட்டான்:
"ரைலி?"
"இருக்கிறேன்."
"ரைலி?"
"இருக்கிறேன்."

பாதித் தூரத்தில் ஒரு கையுறை.
ஐந்து விரலும் விறைத்து
மேல்நோக்கி.
இல்மாரி கூப்பிட்டான். என் வாய் திறக்கவில்லை.
மறுபடி கூப்பிட்டான்.
வெறும் கையுறை. உள்ளே கை இல்லை.
"இருக்கிறேன், இருக்கிறேன், கத்தாதே."

உருளையின் மறுகோடி வரை யாருமில்லை.
வெளியே வந்து உர்போவின் தங்கையை எழுப்பினோம்.
"பனிமேல் போயிருக்கிறான். மதே மீனுக்கு."
நடுக்குளிர்கால இரவில் மட்டுமே
தூண்டிலுக்கு இரங்கும் மீன் அது.
அவன் தொலைபேசி? குளிரில் செத்திருக்கும்.

"அப்போ வெட்டலாமே" என்றான் யாரோ.
தொர்ஸ்தி கத்தரியைப் பார்த்தார்.
மேசையில், குவளைகளின் நடுவே வைத்தார்.
பனிவண்டிச் சாவியை எடுத்துக்கொண்டு
ஒன்றும் சொல்லாமல் கிளம்பினார்.
போகுமுன் தொலைபேசியை
என் கையில் கொடுத்தார். அது கத்தியது.
கத்தட்டும் என்று இழுப்பறைக்குள் வைத்தேன்.

இரண்டு மணிக்கு ஐந்து நிமிடம் இருக்கையில்
திரும்பினார்கள்.
உர்போவின் மீசை முழுக்க பனிக்கட்டி.
யார் முகத்தையும் பார்க்கவில்லை அவன்.
விரல் மரத்துப்போய்
சாவி துவாரத்தைத் தேடித் தேடி நழுவியது.
உதவி செய்யக் கை பரபரத்தது எனக்கு.
செய்யவில்லை. அது அவன் பூட்டு.
டக்.
பிறகு என்னுடையது.
உருளை உறுமித் திரும்பியது.

பதிவேட்டில் எழுதினேன்:
நட்டம், மூன்று மணி பத்து நிமிடம்.
காரணம் என்ற கட்டத்தில்
பேனா கொஞ்ச நேரம் நின்றது.
விபத்துக்குக் குறியீடு உண்டு, பழுதுக்கு உண்டு,
நடக்காததற்கு இல்லை.
"உர்போ உயிரோடு இருக்கிறாரா என்று பார்த்தோம்.
இருக்கிறார்."
தொர்ஸ்தி வாசித்தார்.
ஓர் எழுத்தும் மாற்றாமல் கீழே கையெழுத்திட்டார்.

காலையில் என் கார்க் கைப்பிடியில் ஒரு பை தொங்கியது.
செய்தித்தாளில் சுற்றிய மதே,
தாடையில் ஒற்றை முடி, உலகத்து அசிங்கமெல்லாம் அதன் முகத்தில்.
உருளைக்கிழங்கும் பாலும் ஊற்றி,
ஈரலையும் விடாமல் போட்டு, சூப் காய்ச்சினேன்.
உப்புதான் கொஞ்சம் கூடிவிட்டது.